தூரத்துத் திரையும் ஒட்டிக்கொண்ட ஆல்ட் விசையும்

போன மாதம் ஒரு ராத்திரி. ஊரில் கடை வைத்திருக்கும் தம்பிக்கு ஜிஎஸ்டி கணக்கு போட மறுநாள் கடைசி நாள். அவன் கணினியை இங்கிருந்தே விஎன்சி வழியாகப் பிடித்தேன். திரை கட்டம் கட்டமாக வந்தது. கடவுச்சொல்லில் @ அடித்தால் " விழுந்தது, அது புள்ளியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. சில முயற்சிகளில் கணக்கு பூட்டிக்கொண்டது. "அண்ணே, நீ சும்மா இருந்திருந்தாலே நல்லா இருந்திருக்கும்" என்றான்.

அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் இது ஏன் இப்படி நடக்கிறது என்று தேடப்போனால், கதை கேம்பிரிட்ஜில் போய் நிற்கிறது.

அங்கே 1986-இல் ஒலிவெட்டி ஆய்வுக்கூடம் தொடங்கியது. அந்த ஆட்களுக்கு ஒரே ஆசை: எந்த அறையில் போய் உட்கார்ந்தாலும் என் திரை அங்கே வர வேண்டும், பாதியில் விட்ட வாக்கியத்தை அங்கிருந்தே தொடர வேண்டும். அதிலிருந்து பிறந்ததுதான் விஎன்சி. 1998-இல் ரிச்சர்ட்சன், ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், வுட், ஹாப்பர் நால்வரும் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். இதில் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், உலகப் புகழ் பெற்ற அந்த 'காபிப் பானை கேமரா'வுக்கு நிரல் எழுதியவர். தூரத்தில் இருப்பதைத் திரையில் பார்ப்பது அவருக்குப் பழகிய வேலை!

அவர்கள் எடுத்த முடிவு ரொம்ப எளிமையானது. அந்தப் பக்கம் விண்டோஸா, யூனிக்ஸா என்று வியூவருக்குத் தெரியவே வேண்டாம். "இந்தச் செவ்வகத்தில் இந்தப் புள்ளிகளைப் போடு" என்றால் போதும். அதனால்தான் எல்லாக் கணினியிலும் ஓடியது. விலையும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்து 1024×768 திரை, 256 நிறம் என்றால் சுமார் 0.8 மெகாபைட். இன்றைய 1920×1080 முழுநிறத் திரை, அமுக்காமல் அனுப்பினால் 8.3 மெகாபைட், அதாவது பத்து மடங்கு. போதாக்குறைக்கு, வியூவர் கேட்டால்தான் சர்வர் அடுத்த படத்தை அனுப்பும். போய்வர 200 மில்லிநொடி ஆகும் இணைப்பில் ஒவ்வொன்றாகக் கேட்டால், நொடிக்கு ஐந்து படம்தான். எவ்வளவு அகலமான இணைப்பு வாங்கினாலும் இந்தத் தாமதம் போகாது.

சரி, விசைப்பலகை? ஒவ்வொரு விசை அழுத்தமும் 8 பைட் செய்தி: எது, அழுத்தினாயா விட்டாயா. ஆனால் 'எது' என்பது விசை இருக்கும் இடம் இல்லை, எக்ஸ் விண்டோ முறையில் அந்த எழுத்துக்கு உள்ள எண். அந்த எழுத்து எந்த விசையில் இருக்கிறது என்று சர்வர்தான் ஊகிக்க வேண்டும். பின்னாளில் இடத்தையே அனுப்பும் நீட்டிப்பும் வந்தது. அதில் இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு இருந்தாக வேண்டும். தம்பி கணினியில் பிரிட்டன் அமைப்பு, என்னிடம் அமெரிக்க அமைப்பு. ஷிஃப்ட்+2 எனக்கு @, அவனுக்கு ". தமிழுக்கும் இதே கதைதான்: இங்கே 'க' அடித்தால், அங்கே அதற்கு விசையே இல்லையென்றால் சர்வர் என்ன செய்யும்? தமிழ் உள்ளீட்டை அங்கே வைத்து, இங்கே ஆங்கிலத்தில் அடிப்பதே உத்தமம்.

இன்னொன்று, ஆல்ட்+டேப். ஆல்ட்டை அழுத்திய செய்தி அங்கே போய்விடும். அதற்குள் இங்கே வேறு சாளரம் வந்துவிட, விட்ட செய்தி போகாது. அங்கே ஆல்ட் அழுத்தியபடியே நிற்கும், எதைத் தொட்டாலும் மெனு திறக்கும். ஆல்ட்டை ஒருமுறை தட்டி விட்டால் சரியாகிவிடும்.

1999-இல் ஆய்வுக்கூடம் ஏடி&டி கைக்குப் போனது, 2002-இல் மூடப்பட்டது. நிரலை முன்பே பொதுவில் விட்டிருந்ததால் விஎன்சி சாகவில்லை. டைட்விஎன்சி, அல்ட்ராவிஎன்சி, டைகர்விஎன்சி என்று கிளை விட்டது. 2011-இல் நெறிமுறை ஆர்எஃப்சி 6143 ஆக வெளியானது. கிளைகள் அமுக்கத்தைக் கூட்டின, ஆனால் அடிப்படை அதேதான்.

அன்றைக்குப் பூட்டு தானாகத் திறக்கும்வரை காத்திருந்து, கடவுச்சொல்லைத் தம்பியையே அடிக்கச் சொன்னேன். உள்ளே போனதும் முதல் வேலையாக விசைப்பலகை அமைப்பை மாற்றினேன். நிறத்தைக் குறைத்தேன், பின்னணிப் படத்தை எடுத்தேன். பன்னிரண்டரைக்குக் கணக்கு போய்ச் சேர்ந்தது.

நீங்களும் யாருக்காவது இப்படி உதவ உட்கார்ந்தால், கடவுச்சொல்லுக்கு முன்னால் ஒரு நோட்பேடைத் திறந்து @ அடித்துப் பாருங்கள். எது விழுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகு மற்றதைத் தொடுங்கள்.