எஞ்சின் சொல்லும் எண்

இக்காலத்து மோட்டார் வண்டிகளிலே, சாரதியின் கண்ணெதிரே, எஞ்சின் வடிவான மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. அது எரிந்ததும் வண்டிக்குரியவர் கராச்சுக்கு விரைகிறார். அங்குள்ளவர் ஒரு கருவியைப் பொருத்தி, ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்ட குறியீட்டைப் படித்துச் சொல்கிறார். இக்குறியீட்டின் வரலாறு தொழிற்சாலையிலே தொடங்கவில்லை. ஒரு நகரத்து மக்களின் கண்ணெரிச்சலிலே தொடங்கிற்று.

1943ஆம் ஆண்டு யூலை மாதத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரைப் புகைமண்டலம் சூழ்ந்தது. அது போர்க்காலம். பகைவர் நச்சுவாயு வீசினரோ என்றுகூடச் சிலர் அஞ்சினர். செயற்கை இறப்பர்த் தொழிற்சாலையொன்றின்மீது பழி விழுந்தது. அதன் வேலையை நிறுத்திப் பார்த்தும் புகை நீங்கவில்லை. உண்மையைக் கண்டவர் ஒல்லாந்திலே பிறந்த ஆரி ஹாகன்-சிமித் என்னும் இரசாயனப் பேராசிரியர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், அதே முறையால் நகரத்துக் காற்றையும் ஆராய்ந்தார். எரிந்தும் எரியாமலும் வெளியேறும் பெற்றோல் ஆவியும் நைதரசன் ஒட்சைட்டுக்களும் சூரிய ஒளியிலே கூடி ஓசோனை உண்டாக்குகின்றன என்பதை 1950களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். வளைத்து வைத்த இறப்பர்த் துண்டு எவ்வளவு நேரத்தில் வெடிக்கின்றது என்பதே ஓசோனை அளக்க அக்காலத்திலே கையாண்ட முறைகளுள் ஒன்று. எண்ணெய்த் தொழிலின் ஆதரவு பெற்ற ஆய்வாளர் சிலர் அவர் முடிவை மறுத்தனர். எனினும் 1967இல் கலிபோர்ணியாவிலே காற்று வளச் சபை நிறுவப்பட்டபோது, அதன் முதல் தலைவர் பொறுப்பு அவரையே சேர்ந்தது.

புகையைக் குறைப்பதற்கு எஞ்சினுள் புகும் காற்றையும் பெற்றோலையும் நுணுக்கமாக அளத்தல் வேண்டும். ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று, நிறைப்படி. காற்றை உருளைகளுக்குப் பங்கிடும் குழாய்த் தொகுதியை நம் மெக்கானிக்குகள் மனிபோல்ட் என்பர். அதனுள் நிலவும் அமுக்கத்தை அளந்து பெற்றோலைப் பீச்சும் இலத்திரன் முறையை ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் 1967இல் வொக்ஸ்வாகன் வண்டியிலே புகுத்தியது. பின்னர் கணனி வந்தது. 1980களின் தொடக்கத்து ஜெனரல் மோட்டர்ஸ் வண்டிகளிலே விளக்கு மின்னுவதை எண்ணியே குறியீட்டை அறிந்தனர்: ஒருமுறை மின்னிச் சிறிது ஓய்ந்து இருமுறை மின்னினால் 12.

கலிபோர்ணியா 1988 மாதிரி வண்டிகளிலிருந்து இத்தகைய தற்சோதனையைக் கட்டாயமாக்கியது. ஆயினும் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி மொழி பேசிற்று; ஒன்றின் கருவி மற்றொன்றுக்கு உதவாது. 1996 முதல் அமெரிக்காவிலே விற்கப்பட்ட புதிய கார்கள் யாவற்றுக்கும் ஒரே வகைப் பொருத்தியும் பொதுக் குறியீடும் விதிக்கப்பட்டன. சிறிய கராச்சுக்காரரும் எந்த வண்டியின் எண்ணையும் படிக்க வழி பிறந்தது அப்போதுதான். எஞ்சின் கட்டுப்பாட்டிலும் பெரிய சீர்திருத்தம் இதுவே என்பது என் எண்ணம். ஐரோப்பிய ஒன்றியம் பெற்றோல் கார்களுக்கு 2001இல் இதனைப் பின்பற்றியது.

ஆயினும் நேயர்களே, குறியீடு சொல்வது நோயின் அறிகுறியை மாத்திரமே. பி 0171 என்பதை எடுத்துக்கொள்வோம். எரிகலவையிலே பெற்றோல் குறைவு என்பது அதன் பொருள். மனிபோல்டில் கீறல் இருந்தால், காற்றளவியைக் கடந்த பின்னர் கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. புகைபோக்கியிலுள்ள உணரி, ஒட்சிசன் மிகுதி என்று அறிவிக்கிறது. கணனி மேன்மேலும் பெற்றோலைக் கூட்டுகிறது. கூட்டும் அளவு எல்லை கடந்ததும் விளக்கு எரிகிறது. உண்மை சொன்ன அந்த உணரியைக் குற்றவாளி என்று கழற்றி எறிந்து, புதியது வாங்கிப் பூட்டுவோர் பலர். சில நாளில் விளக்கு மீண்டும் எரியும்; செலவழித்த பணம் திரும்பாது.

முந்திய தலைமுறை மெக்கானிக் மனிபோல்டிலே வெற்றிடமானியைப் பொருத்துவார். நலமான எஞ்சின் வெறுமனே ஓடும்போது முள் 17 முதல் 21 அங்குலம் வரை அசையாது நிற்கும். (6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவிலே ஆறங்குலம் வரை குறையும், அது பழுதன்று.) இன்று கணனி கூட்டும் பெற்றோலின் அளவை வேகத்தோடு ஒப்பிடுகின்றனர். மெதுவான ஓட்டத்தில் மிகுந்து, வேகம் கூட்டியதும் குறைந்தால், காற்றுக்கசிவு என்று ஐயுறலாம். சுமை ஏற ஏற மிகுந்தால், பெற்றோல் பம்பியையோ வடியையோ பார்த்தல் வேண்டும். கசிவென்று தோன்றினால், எஞ்சினை நிறுத்தி, மெல்லிய அமுக்கத்தில் மனிபோல்டினுள் புகையைச் செலுத்துகின்றனர். பெரும்பாலும் எங்கோ மறைவான மூலையிலே, சுண்டுவிரல் பருமனான பழைய இறப்பர்க் குழாயின் வெடிப்பினூடாக அப்புகை நூல்போல் எழுகின்றது.