ஹேண்ட்வீலும் டேபிளும் பிரிந்த கதை

மாத்தூர் தொழிற்பேட்டையைத் திருச்சின்னே நினைச்சுக்குவோம், ஆனா அது புதுக்கோட்டை மாவட்டம். அங்கே ஒரு சின்னப் பட்டறையில், சிஎன்சி மில்லிங் மெஷினோட வைஸில் ஒரு பையன் ஜாப் கட்டிட்டிருந்தான். ஹேண்ட்வீலை யாரும் சுத்தலை. டேபிள் தானா நகர்ந்துச்சு. அரை மில்லிமீட்டர்தான், ஆனா அவன் கை உள்ளே இருந்தது.

"அண்ணே, சுத்தாமலே எப்படி நகருது?"

பதிலை 1940-களின் மிச்சிகனில் தேடணும். அங்கே ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்தார். வளைவின் புள்ளிகளை ஃபிராங்க் ஸ்டூலன் ஐபிஎம் அட்டை இயந்திரங்களில் கணக்கிட்டார். பட்டறையில் ஒருத்தர் எண்களைச் சத்தமா வாசிப்பார். எக்ஸுக்கு ஒருத்தர், வைக்கு ஒருத்தர் சக்கரம் சுத்துவாங்க. சக்கரத்துக்கும் டேபிளுக்கும் நடுவே இருந்தது வெறும் இரும்பு ஸ்க்ரூ. சுத்தினா நகரும், விட்டா நிற்கும்.

1949-ல் அமெரிக்க விமானப்படை ஒப்பந்தம் வந்தது, எம்ஐடி உள்ளே வந்தது. 1952-ல் துளையிட்ட நாடாவைப் படிச்சு மோட்டாரே ஸ்க்ரூவைச் சுத்துற மெஷினைக் காட்டினாங்க. கைக்கும் இரும்புக்கும் இருந்த நேரடி உறவு அதோட போச்சு.

இன்றைய ஹேண்ட்வீல் ஸ்க்ரூவைத் தொடுறதே இல்லை. வழக்கமா ஒரு சுற்றுக்கு 100 கிளிக். ஒவ்வொண்ணும் கன்ட்ரோலருக்கு ஒரு பல்ஸ். ஏ, பி என்று இரண்டு சிக்னல், எது முந்துதோ அதை வைத்துத்தான் திசை. ஒரு வயர் அறுந்தா திசை புரியாம ஆக்ஸிஸ் முன்னும் பின்னும் உதறும். மோட்டார் கேபிளின் மின் இரைச்சல் உள்ளே புகுந்தா, அதையும் கிளிக்னு எண்ணிடும். 100 மடங்கில் ஒரு கிளிக் 0.1 மில்லிமீட்டர். அஞ்சு பொய்க் கிளிக், அரை மில்லிமீட்டர்.

(எக்ஸ் பிளஸ் கொடுத்தா டேபிள் இடப்பக்கம் போகுதேன்னு பயப்படாதீங்க. டூல்தான் நகருதுன்னு வைத்துத் திசை சொல்றது ஐஎஸ்ஓ 841 வழக்கம்.)

மாத்தூரில் முதல்ல எல்லார் கையையும் வெளியே எடுக்க வெச்சோம். ஆக்ஸிஸ் செலக்டரை ஆஃபில் வெச்சதும் நகர்வு நின்னுச்சு; அப்போ டிரைவ் மேல சந்தேகம் குறைஞ்சது. திரும்ப ஆன் பண்ணி, ஹேண்ட்வீல் கேபிளை லேசா அசைச்சோம். திரையில் எண் ஓடுச்சு. தினமும் மடங்குற இடத்தில் ஷீல்டு பிய்ஞ்சிருந்தது.

புதுக் கேபிள் போட்டு, ஷீல்டை எர்த் பண்ணி, மோட்டார் கேபிளை விட்டு ஒதுக்கி இழுத்தாங்க. பையன் இப்போ சிவப்புப் பட்டனை அமுக்கிட்டுத்தான் வைஸ் பக்கம் கையைக் கொண்டுபோறான்.