தொடக்க முகவரி (அலங்கார விளக்குகள்)

தொடக்க முகவரி என்பது, ஒரே கட்டுப்பாட்டுக் கம்பியில் வரிசையாக இணைக்கப்பட்ட விளக்குப் பலகைகளில் ஒவ்வொன்றும் தனக்குரிய தரவை எந்த எண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் குறிக்கும் எண். கிறிஸ்துமஸ், திருவிழா விளக்குகளுக்குச் சொந்தமாகப் பலகை செய்வோர் முதலில் அமைக்க வேண்டியது இதுவே. மேடை விளக்குகளுக்கான டிஎம்எக்ஸ்512 நெறிமுறையிலிருந்து இது வீட்டு அலங்காரத்துக்கு வந்தது.

வரலாறு

பழைய ஏற்பாடுகளில் முகவரிக்குத் தேவையே இருக்கவில்லை. மேற்கு வங்கத்துச் சந்தன்நகரின் புகழ்பெற்ற பண்டிகை விளக்குகளில், செப்புத் தகடு பதித்த மர உருளை சுழலும்போது, அதைத் தொட்டு நிற்கும் முனைகள் வழியே பல்புகள் மாறி மாறி எரிந்தன. ஒவ்வொரு பல்புக் கூட்டத்துக்கும் தனிக் கம்பி. நாடக அரங்குகளிலும் ஒவ்வொரு டிம்மருக்கும் (ஒளியைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 0 முதல் 10 வோல்ட் வரை அனுப்பும் தனிக் கம்பி இழுக்கப்பட்டது.

ஒரே கம்பியில் பல டிம்மர்களை இயக்கும் முறைகள் பிறகு வந்தன. ஸ்ட்ராண்ட் நிறுவனத்தின் ஏஎம்எக்ஸ்192 முறை 192 டிம்மர்களை இயக்கியது. ஆனால் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் பேச்சைக் கேட்காது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப அமைப்பான யுஎஸ்ஐடிடி 1986-இல் டிஎம்எக்ஸ்512-ஐ வகுத்து, 1990-இல் திருத்தியது. 2004-இல் இது ஈ1.11 என்ற அமெரிக்கத் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது. 2008-இல் மீண்டும் திருத்தப்பட்டது.

இயங்கும் விதம்

டிஎம்எக்ஸ் கம்பியில் முகவரி எதுவும் பயணம் செய்வதில்லை. நீண்ட இடைநிறுத்தம் ஒன்று, தொடக்கக் குறி ஒன்று, அதன்பின் 512 வரை மதிப்புகள் வரிசையாக வரும். ஒவ்வொரு மதிப்பும் 0 முதல் 255-க்குள் இருக்கும். பலகை அவற்றை எண்ணிக்கொண்டே வந்து, தன் எண் வந்ததும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். வேகம் நொடிக்கு 2,50,000 பிட். முழு வரிசையும் நொடிக்குச் சுமார் 44 முறை புதுப்பிக்கப்படும்.

வகைகள்

1. எண்ணும் முறை: முகவரி பலகையிலேயே இருக்கும். டிஎம்எக்ஸ் இவ்வகை.
2. கைமாற்றும் முறை: முதல் பலகை தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். ரெனார்ட் பலகைகளும் டபிள்யூஎஸ்2811 பிக்சல்களும் இவ்வகை. நிற்கும் இடமே முகவரி. நடுவில் ஒரு பிக்சல் கெட்டால் அதற்கு அப்பால் எல்லாம் இருட்டு.
3. எழுதும் முறை: யுசிஎஸ்512 போன்ற சில்லுகளில் தனிக் கம்பி வழியே முகவரி எழுதப்படும்.
4. வலையமைப்பு முறை: ஆர்ட்-நெட், ஈ1.31 ஆகியவற்றில் முகவரியுடன் ‘யூனிவர்ஸ்’ (512 மதிப்புகள் வரை கொண்ட ஒரு தொகுதி) எண்ணும் வேண்டும். ஒரு யூனிவர்ஸில் 170 மூவண்ணப் பிக்சல்கள் அடங்கும்.

அமைக்கும் முறை

வழக்கமான பலகையில் டிப் சுவிட்சுகள் ஒன்பது. அவற்றின் மதிப்பு முறையே 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256. வளைவு ஒன்றில் 16 சேனல் (ஒவ்வொன்றும் ஒரு மதிப்பைப் பெறும்) பலகைகள் நான்கு இருந்தால் தொடக்க முகவரிகள் 1, 17, 33, 49. மூன்றாவது பலகைக்கு 32-உம் 1-உம் சேர வேண்டும்; எனவே 6-ஆம், 1-ஆம் சுவிட்சுகளை மட்டும் ஆன் செய்ய வேண்டும். டிஎம்எக்ஸில் எண்ணிக்கை 1-இல் தொடங்கும். சில பலகைகளின் சுவிட்சுகள் 0-இல் தொடங்குவதும் உண்டு. பல பலகைகள் மின்சாரம் வரும்போது மட்டுமே சுவிட்சைப் படிப்பதால், மாற்றியபின் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும்.

முகவரி ஒன்று பிசகினாலும் நிறம் புரளும். 1-க்குப் பதில் 2 வைத்த மூவண்ண விளக்கு, பச்சை அனுப்பினால் சிவப்பாக எரியும். இரு பலகைகளுக்கு ஒரே முகவரி இருந்தால் இரண்டும் ஒன்றுபோல ஆடும். வாசலின் இருபுறமும் ஒரே காட்சி வேண்டுவோர் வேண்டுமென்றே இப்படி வைப்பதுண்டு.

தமிழ்நாட்டில்

சென்னீர்குப்பம், பூந்தமல்லி, மாங்காடு, திருவேற்காடு வட்டாரத்தில் ஆடி மாத அம்மன் திருவிழாக்களுக்குச் சீரியல் செட்டும் லைட் போர்டும் கட்டுவது வழக்கம். இவற்றில் பிக்சல் எல்இடியும், எஸ்டி கார்டில் ஏற்றிய காட்சியை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இப்போது இடம்பிடித்துள்ளன. சொந்தமாகச் செய்வோருக்கு வேண்டிய உதிரிபாகங்கள் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கின்றன.

தற்காலம்

ஆர்டிஎம் தரம் (2006) வழியே கம்பியிலிருந்தே முகவரியை மாற்றலாம். டபிள்யூஎல்இடி மென்பொருளில் கைப்பேசி வழியாகவும் மாற்றலாம்.