ஸ்லொட்டுக்குள் போனால் போதுமா?

போன விடுமுறையில் நாங்கள் மூன்று பேர் காசு சேர்த்து, ஒரு பழைய அலுவலகக் கணினிக்கு கிராபிக்ஸ் கார்ட் வாங்கினோம். "ஸ்லொட்டுக்குள்ள போகுதுதானே, பிறகென்ன?" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். கார்ட் உள்ளே போனது. ஆனால் அதற்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் வயர், அந்தப் பெட்டியின் பவர் சப்ளையில் இல்லவே இல்லை. கலைப்பீடப் பிள்ளைகள் வேறென்ன செய்வது? வரலாற்றைத் தோண்டினோம்.

1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் ஐந்து ஸ்லொட்டுகள் இருந்தன. அதன் பவர் சப்ளை வெறும் 63.5 வாட்ஸ். திரையில் எழுத்துத் தெரிய வேண்டுமென்றாலே ஒரு கார்டைச் செருக வேண்டும். அந்த ஸ்லொட்டின் விபரங்களை ஐபிஎம் வெளியிட்டிருந்ததால் யாரும் கார்ட் செய்யலாம் என்றாயிற்று. 1987இல் அதே ஐபிஎம், பழைய கார்டுகள் பொருந்தாத மைக்ரோ சனல் ஸ்லொட்டைக் கொண்டுவந்து, மற்றவர்களிடம் உரிமக் கட்டணமும் கேட்டது. அடுத்த வருடமே கொம்பாக் உட்பட ஒன்பது நிறுவனங்கள் சேர்ந்து, பழைய கார்டுகளையும் ஏற்கிற இன்னொரு ஸ்லொட்டை அறிவித்தன. ஆக, எது எதோடு பொருந்தும் என்பது தொடக்கத்திலிருந்தே வெறும் தொழில்நுட்பக் கேள்வி இல்லை.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது ஏஜிபி காலம். 1997இல் இன்டெல் இதை கிராபிக்ஸ் கார்டுக்கென்றே கொண்டுவந்தது. முதலில் 3.3 வோல்ட், அடுத்த பதிப்பில் 1.5 வோல்ட். மாறிச் செருகாமல் இருக்க கார்டில் வெட்டும், ஸ்லொட்டில் தடுப்பும் வைத்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் 3.3 வோல்ட் மட்டுமே தாங்கும் சில கார்டுகள் இரண்டு வெட்டுகளோடும் சந்தைக்கு வந்தன. அவற்றை 1.5 வோல்ட் மட்டும் ஏற்கும் இன்டெல் 845 மதர்போர்டில் செருகினால் அழகாக உள்ளே போகும், போர்டே எரிந்துபோகக்கூடும்.

மலிவுக் கணினிகளுக்கு அந்த ஸ்லொட்டும் இல்லை. 1999இல் வந்த இன்டெல் 810இல் கிராபிக்ஸ் உள்ளேயே இருந்தது, ஏஜிபி ஸ்லொட் கிடையாது. பிறகு வந்த 845ஜிஎல்லும் அப்படித்தான். ஆனால் அதன் உடன்பிறப்பான 845ஜியில் ஸ்லொட் உண்டு! ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ஸ்லொட் இல்லாதவர்களுக்காக ஜீபோர்ஸ் எப்எக்ஸ் 5200 போன்ற கார்டுகள் பழைய பிசிஐ வடிவிலும் வந்தன. ஏஜிபி 8எக்ஸில் விநாடிக்கு 2,100 மெகாபைட் வரை போகும். பிசிஐயில் 133தான், அதையும் மற்றக் கார்டுகளோடு பங்குபோட வேண்டும்.

2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் கணினிகளுக்கு வந்தபின் வடிவப் பிரச்சினை பெரும்பாலும் ஓய்ந்தது. புதுக் கார்ட் பழைய ஸ்லொட்டிலும் போகும். பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். ஸ்லொட் தருவது 75 வாட்ஸ். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆறு பின் வயர் இன்னொரு 75, எட்டு பின் வயர் 150 தரும். சின்ன அலுவலகப் பெட்டிகளில் இந்த வயர்கள் பெரும்பாலும் இருக்காது. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட்ஸோடு, தனி வயர் இல்லாமலே ஓடியது. பழைய பெட்டிக்காரர்கள் அதைக் கொண்டாடியதில் ஆச்சரியமில்லை.

2022இல் கதை திரும்பவும் கோணலானது. குறைந்த விலைக் கார்டாக வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பதினாறு பாதை ஸ்லொட்டில் அமர்ந்து நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்துகிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4 உள்ள புது போர்டில் சமாளிக்கும். பதிப்பு 3 மட்டுமுள்ள பழைய போர்டில் அந்த வேகமும் பாதியாகும். அதே வருடம் வந்த இன்டெல் ஆர்க் கார்டுகளுக்கு 'ரீசைசபிள் பார்' வசதி வேண்டும், அது பழைய போர்டுகள் பலவற்றில் இல்லை. மலிவான கார்டை யார் வாங்குவார்? எங்களைப் போல பழைய பெட்டி வைத்திருக்கிற ஆள்தானே!

எங்கட கார்ட் இப்போது அலுமாரிக்குள். பவர் சப்ளையை மாற்றுவோம் என்று திறந்து பார்த்தால், அந்தப் பெட்டியின் மதர்போர்டுக்குப் போவது வழமையான 24 பின் வயர் இல்லை, கொம்பனி தனக்கென்று செய்த எட்டு பின் வயர். இரண்டையும் இணைக்கிற அடாப்டர் எங்கேயாவது கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.