மையத்தில் எது, செருகுநிரலில் எது?

2003 மே 27 அன்று வெளிவந்த வேர்ட்பிரஸ் 0.7, பி2 என்ற பழைய வலைப்பதிவு மென்பொருளிலிருந்து பிரிந்த கிளை. மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் அதைத் தொடங்கியபோது கூடுதல் வசதிகளைத் தனியாக இணைக்கும் செருகுநிரல் ஏற்பாடு கிடையாது. புதிய வசதி வேண்டுமென்றால் பெரும்பாலும் மூலநிரலிலேயே கைவைக்க வேண்டும். அடுத்த பதிப்பை நிறுவியதும் அந்த உழைப்பு அழிந்துபோகும்.

2004 மே மாதம் வந்த 1.2 பதிப்பு இதற்கு வழி கண்டது. நிரல் ஓடும் பாதையில் ஆங்காங்கே கொக்கிகள் வைக்கப்பட்டன. ஒரு பிஎச்பி கோப்பை உரிய கோப்புறையில் போட்டு, நிர்வாகப் பக்கத்தில் முடுக்கினால் போதும். அந்தச் செருகுநிரல் கொக்கியில் மாட்டிக்கொண்டு வேலை செய்யும். மாதிரியாகச் சேர்க்கப்பட்ட 'ஹலோ டாலி', லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிய பாட்டின் ஒரு வரியை நிர்வாகப் பக்கத்தில் காட்டியது. வேறு பயன் இல்லை.

அப்படியானால் மையத்துக்குள், அதாவது எல்லோருக்கும் போகும் அடிப்படை மென்பொருளுக்குள், எதைச் சேர்ப்பது? பயனர்களில் 80 சதவீதம் பேருக்காவது உதவுவதை மட்டுமே என்றது வேர்ட்பிரஸின் கொள்கை. மற்றவை செருகுநிரல்களின் பாடு.

எல்லைக்கோடு நிலையாக நிற்கவில்லை. ஒருகாலத்தில் வலைப்பதிவின் அடையாளமாக இருந்த இணைப்புப் பட்டியல் மேலாளர், 2012இல் 3.5 பதிப்போடு புதிய தளங்களிலிருந்து மறைந்தது; தேவைப்பட்டவர்கள் அதைச் செருகுநிரலாக நிறுவிக்கொண்டார்கள். எதிர்த்திசையில், எம்பி6 என்ற செருகுநிரலாக வளர்ந்த நிர்வாகப் பக்க வடிவமைப்பு 2013இல் மையத்துக்குள் வந்தது.

பெரிய சச்சரவு குட்டன்பெர்க்கால் வந்தது. செருகுநிரலாகச் சோதிக்கப்பட்ட இந்தக் கட்டம் கட்டமான எடிட்டர், 2018 டிசம்பர் 6 அன்று 5.0 பதிப்பில் மையத்தின் பகுதியானது. பழைய எடிட்டர் செருகுநிரலாக வெளியே போக, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை நிறுவின. இன்னும் சிலர், குட்டன்பெர்க் இல்லாத கிளாசிக்பிரஸ் என்ற தனிக் கிளையையே தொடங்கிவிட்டார்கள்.