தோற்ற பெயரும் பறந்தது

புனேயின் கராடியிலிருந்து நகர் ரோட்டில் மேற்கே வந்தால் சந்தன் நகர், விமான் நகர், அதைத் தாண்டினால் எரவாடா. கராடியின் ஐடி வளாகங்களில் வேலை பார்க்கும் தமிழர்களைக் கேட்டால், எரவாடா என்றதும் வண்டி நெரிசலைச் சொல்வார்கள். கொஞ்சம் வரலாறு படித்தவர்கள் காந்தி இருந்த சிறையைச் சொல்வார்கள். இந்தியாவின் முதல் விமான நிறுவனம் தன் ஆரம்பகால மழைக்காலங்களை அந்தச் சிறைக்குப் பக்கத்தில்தான் கழித்தது என்பது அவ்வளவாகத் தெரியாத சங்கதி.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு சின்ன புஸ் மாத் விமானத்தைத் தானே ஓட்டிக்கொண்டு அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவில் வந்து இறங்கினார். உள்ளே இருந்தது 25 கிலோ கடிதம். லண்டனிலிருந்து கராச்சிவரை இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்து சேர்த்த தபால்தான் முக்கியச் சரக்கு. ஜுஹுவிலிருந்து நெவில் வின்ட்சென்ட் என்ற விமானி அதை எடுத்துக்கொண்டு பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். டாடாவிடம் இந்தத் திட்டத்தை எடுத்துச் சென்றவரே அவர்தான். அரசாங்கத்தின் மானியம் கிடையாது. சுமந்த தபாலுக்குக் கூலி, அவ்வளவுதான். முதல் முழு ஆண்டில் ஏறிய பயணிகள் 155 பேர். இன்று ஒரே ஒரு ஏர்பஸ்ஸில் அதைவிட அதிகம் பேர் ஏறுகிறார்கள். ஆனாலும் அந்த ஆண்டில் 60,000 ரூபாய் லாபம் வந்தது. இந்திய விமானத் தொழிலில் லாபம் என்பது எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தவர்களுக்கு இந்தத் தொகையின் அருமை புரியும்.

ஜுஹு மைதானம் கடலோரச் சேற்றுத் திடல். மழை தொடங்கினால் விமானம் இறங்க வழியில்லை. அதனால் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மொத்த நிறுவனமும் பூனாவுக்குக் குடிபெயரும். மொத்த நிறுவனம் என்றால் இரண்டு விமானம், மூன்று விமானிகள், மூன்று மெக்கானிக்குகள். எரவாடா சிறையின் நிழலில் ஒரு மைதானத்தை ஒதுக்கித் தந்தார்கள் என்று ஜே.ஆர்.டி. பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே நினைவுகூர்ந்திருக்கிறார். 1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தம் உருவான சிறை அது. இன்று புனேயின் விமான நிலையமாக இருக்கும் லோகாவ் விமானதளம் அப்போது கிடையாது. பிரிட்டிஷ் விமானப்படை அதை அமைத்தது 1939-இல். கராடி அன்றைக்கு வயலும் கரம்பும்.

அந்த நாளில் பெயர் ஒரு பிரச்சினையே இல்லை. அது டாடா சன்ஸின் ஒரு பிரிவு, முதலாளி டாடா, ஆகவே பெயரும் டாடா. டாடா ஏர் லைன்ஸ் என்று அது நிலைத்தது. சேவை கொழும்புவரை நீண்டது. பிறகு உலகப் போர் வந்து விமானங்களையெல்லாம் அரசாங்க வேலைக்கு இழுத்துக்கொண்டது. வின்ட்சென்ட் 1942-இல் போர்க்கால விமானப் பயணம் ஒன்றில் உயிரிழந்தார்.

போர் முடிந்ததும்தான் பெயர் ஒரு கேள்வியாக எழுந்தது. விமானப் பிரிவை டாடா சன்ஸிலிருந்து பிரித்து, பொதுமக்கள் பங்கு வாங்கக்கூடிய தனி கம்பெனியாக்க முடிவு செய்தார்கள். ஊரார் பணம் போடும் கம்பெனிக்கு ஒரு குடும்பத்தின் பெயர் பொருந்துமா? பலவற்றை அலசி நான்கு பெயர்களில் வந்து நின்றார்கள்: இந்தியன் ஏர்லைன்ஸ், பான்-இந்தியன் ஏர்லைன்ஸ், டிரான்ஸ்-இந்தியன் ஏர்லைன்ஸ், ஏர்-இந்தியா. அதற்கப்புறம் அவர்கள் செய்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம். மேலிடத்தில் நாலு பேர் கூடி முடிவெடுக்காமல், டாடாவின் தலைமையகமான பம்பாய் ஹவுஸில் வேலை பார்த்தவர்களிடம் வாக்குச்சீட்டைக் கொடுத்துவிட்டார்கள். நாட்டில் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்திராத 1946-ஆம் ஆண்டில் நடந்த தேர்தல் இது.

முதல் எண்ணிக்கையில் ஏர்-இந்தியாவுக்கு 64, இந்தியன் ஏர்லைன்ஸுக்கு 51, டிரான்ஸ்-இந்தியனுக்கு 28, பான்-இந்தியனுக்கு 19. கடைசி இரண்டையும் நீக்கிவிட்டு மறுபடி எண்ணினார்கள். ஏர்-இந்தியா 72, இந்தியன் ஏர்லைன்ஸ் 58. டாடாவின் மாத இதழ் அன்றே இதை வெளியிட்டது. 2022 பிப்ரவரியில் டாடா நிறுவனம் அந்தப் பக்கத்தைத் தூசு தட்டி எடுத்துக் காட்டியபோதுதான் பலருக்கும் இந்தக் கதை தெரியவந்தது.

கூட்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. முதல் சுற்றில் மொத்தம் 162 வாக்கு, இரண்டாவதில் 130. நீக்கப்பட்ட இரு பெயர்களுக்கு விழுந்த 47-இல் 15 மட்டுமே மேலே வந்திருக்கிறது. அதிலும் ஏர்-இந்தியாவுக்கு எட்டு, இந்தியன் ஏர்லைன்ஸுக்கு ஏழு. அதாவது தோற்றவர்களின் ஆதரவு கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்தது. அலை எதுவும் அடிக்கவில்லை. 14 வாக்கு வித்தியாசத்தில் ஒரு நாட்டின் விமானப் பெயர் முடிவாயிற்று. நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் இதைவிட அதிக வித்தியாசம் பார்த்திருக்கிறோம்.

1946 ஜூலை 29 அன்று டாடா ஏர் லைன்ஸ் ஏர்-இந்தியா ஆனது. ஜே.ஆர்.டி.க்கு அன்று 42 வயது நிறைந்தது. பிறந்தநாளில் தன் குடும்பப் பெயரைத் தன் விமானங்களிலிருந்து அழித்த மனிதர் என்றும் இதைப் பார்க்கலாம். அதே ஆண்டில்தான் மகாராஜாவும் பிறந்தார். வணிகப் பிரிவின் தலைவர் பாபி கூக்காவும், ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தின் ஓவியர் உமேஷ் ராவும் சேர்ந்து, விமானத்தில் கொடுக்கும் குறிப்புத் தாளுக்காக வரைந்த சின்ன உருவம் அது. தொப்பை, தலைப்பாகை, முறுக்கு மீசை. குறிப்புத் தாளோடு நின்றிருக்க வேண்டியவர் உலகம் பூராவும் சுற்றினார்.

1948-இல் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று ஏர்-இந்தியா இன்டர்நேஷனல் என்ற தனி கம்பெனி உருவானது. அரசாங்கத்துக்கு அதில் 49 சதவீதம். ஜூன் 8 அன்று மலபார் பிரின்சஸ் என்ற கான்ஸ்டலேஷன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. அதன் சின்னம், வட்டத்துக்குள் வில்லை வளைத்து நிற்கும் பாதி மனிதன் பாதி குதிரை. நம்மவர் பாஷையில் தனுசு ராசி. இந்திய விமானங்கள் அணிந்த சின்னங்களிலேயே அழகானது அதுதான் என்பது என் கட்சி. வேகமும் குறியும் ஒரே உருவத்தில் இருந்தன.

கதை திரும்புவது 1953-இல். ஜே.ஆர்.டி. எதிர்த்துப் பார்த்தார், பலிக்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று விமானத்துறை முழுக்க அரசுடைமையானது. டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், கலிங்கா ஏர்லைன்ஸ், ஹிமாலயன் ஏவியேஷன் என்று எட்டு உள்நாட்டு நிறுவனங்களை ஒன்றாகக் கட்டினார்கள். அந்த எட்டில் ஒன்று, 1946-இல் வாக்கெடுப்பு நடத்திப் பெயர் வைத்துக்கொண்ட அசல் ஏர்-இந்தியா. எட்டையும் விழுங்கிய புதிய நிறுவனத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் இந்தியன் ஏர்லைன்ஸ். 58 வாக்கு வாங்கித் தோற்ற அதே பெயர், ஏழு ஆண்டு கழித்து, ஜெயித்தவரின் விமானங்களையே தனக்கென எடுத்துக்கொண்டது. ஏர்-இந்தியா என்ற பெயர் வெளிநாட்டுக் கம்பெனியின் வாலைப் பிடித்துக்கொண்டு பிழைத்தது. 1962-இல் அதிலிருந்து இன்டர்நேஷனல் என்ற ஒட்டையும் வெட்டி, வெறும் ஏர்-இந்தியா ஆக்கினார்கள்.

அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு இரண்டு பெயர்களும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தன. மெட்ராஸிலிருந்து பம்பாய்க்குப் போகிறவர் இந்தியன் ஏர்லைன்ஸ் டிக்கெட் எடுத்தார். லண்டனுக்குப் போகிறவர் ஏர்-இந்தியாவில் ஏறினார். 1971-இல் எம்பரர் அசோகா என்ற முதல் போயிங் 747 வந்தபோது, அதன் ஜன்னல்களைச் சுற்றி ராஜஸ்தான் மாளிகைகளின் ஜரோக்கா வளைவுகளைச் சிவப்பில் தீட்டினார்கள். விமானமே அரண்மனை என்பது விளம்பரம். 1989-இல் யாருக்கோ அது பழையதாகத் தோன்றியிருக்கிறது. சிவப்பு வாலில் பொன்னிறச் சூரியன், மீதியெல்லாம் வெள்ளை என்று மாற்றினார்கள். பயணிகள் விடவில்லை. பாதி விமானங்களுக்குப் பூசி முடிப்பதற்குள் எதிர்ப்பு வலுத்து, இரண்டே ஆண்டில் ஜன்னல் வளைவுகள் திரும்பி வந்தன. அரசு நிறுவனம் ஒன்று மக்கள் பேச்சைக் கேட்டு வண்ணத்தைத் திரும்பப் பூசிக்கொண்டது நம் நாட்டில் அடிக்கடி நடப்பதல்ல.

இந்தியன் ஏர்லைன்ஸின் முடிவு அவ்வளவு கம்பீரமாக இல்லை. தனியார் போட்டியில் களைத்துப்போயிருந்த நிறுவனத்துக்கு 2005 டிசம்பரில் புதுமுகம் கொடுத்தார்கள். பெயரின் பின்பாதியை வெட்டி வெறும் இந்தியன் ஆக்கி, வாலில் கோனார்க் சக்கரத்தை வரைந்தார்கள். அந்தப் பெயிண்ட் பழசாவதற்குள், 2007-இல், ஏர் இந்தியாவோடு இணைத்துவிட்டார்கள். இணைந்த நிறுவனத்தின் சின்னம் பறக்கும் சிவப்பு அன்னம். அதன் உடம்புக்குள்ளே ஆரஞ்சு நிறத்தில் கோனார்க் சக்கரம். கல்யாணப் பத்திரிகையில் இரண்டு வீட்டார் பெயரும் வந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்து அச்சடித்ததுபோல இருந்தது. வில்லாளி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இந்தியன் ஏர்லைன்ஸின் ஐசி என்ற குறியீடு 2011-இல் கால அட்டவணைகளிலிருந்து மறைந்தது. 14 வாக்கு வித்தியாசம் மறுபடி செல்லுபடியாக அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இணைப்பால் கடன்தான் பெருகியது. 2021 அக்டோபரில் டாடா 18,000 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தது. அதில் 15,300 கோடி கடன் பொறுப்பு. ரொக்கம் 2,700 கோடி. 2022 ஜனவரி 27 அன்று சாவி கைமாறியது. புதிய முதலாளியாகத் திரும்பி வந்த பழைய முதலாளி தன் பெயரை மீண்டும் எழுதிக்கொள்ளவில்லை. 1946-இல் அழித்தது அழித்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மாற்றியது தோற்றத்தை. 2023 ஆகஸ்ட் 10 அன்று விஸ்டா என்ற புதிய சின்னம் வெளியானது. ஃபியூச்சர்பிராண்ட் நிறுவனத்தின் வடிவமைப்பு. சிவப்பு, கத்திரிப்பூ நிறம், பொன்னிறம்; தனக்கென்றே ஓர் எழுத்துருவும் செய்துகொண்டார்கள். சின்னத்தின் மையம் எதுவென்று பார்த்தால், 1971-இன் அந்த ஜரோக்கா ஜன்னலின் மேல் வளைவு. அன்னம் போயிற்று, சக்கரம் போயிற்று, ஜன்னல் மட்டும் மூன்றாம் முறை வந்திருக்கிறது. முதலில் ஒரு ஏ350 இந்தப் புது வண்ணத்தோடு தொழிற்சாலையிலிருந்தே வந்தது. அதன் பதிவெண் விடி-ஜேஆர்ஏ. விடி-க்கு அடுத்து வரும் இரண்டு எழுத்து யாரைக் குறிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. புதுச் சின்னம் வந்ததும் எழுந்த குறை நியாயமானது: வாலுக்குப் பூச்சு வந்த வேகத்தில் உள்ளே உடைந்த இருக்கைக்கும் ஓடாத திரைக்கும் மராமத்து வரவில்லை.

பெயர் விஷயத்தில் டாடாவுக்கு இன்னொரு வேலை மிச்சமிருந்தது. கையில் நான்கு விமான நிறுவனங்கள். ஏர்ஏஷியா இந்தியா, ஏஐஎக்ஸ் கனெக்ட் என்று இடைக்காலப் பெயர் ஒன்றைத் தாங்கி, 2024 அக்டோபரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்குள் அடங்கியது. எக்ஸ்பிரஸின் புதிய போயிங் விமானங்களின் வாலில் ஊருக்கு ஒரு நெசவு வடிவம் வரைகிறார்கள். அஜ்ரக், படோலா வரிசையில் நம் காஞ்சிபுரம் பட்டும் உண்டு. குழந்தைத்தனமான யோசனைதான். ஆனால் அன்னத்தைவிட நூறு மடங்கு மேல்.

கடினமாக இருந்தது விஸ்தாரா. சிங்கப்பூர் ஏர்லைன்ஸுடன் சேர்ந்து 2015 ஜனவரியில் டாடாவே பெற்றுப் பெயரிட்ட பிள்ளை. சேவைக்கு நல்ல பெயர் எடுத்தது. ஏர் இந்தியாவின் பெயரோ கெட்டுக்கிடந்தது. கராடிக்காரர்களுக்கும் பழக்கமான பெயர்தான்: லோகாவிலிருந்து நேரே சிங்கப்பூருக்கு 2022 டிசம்பரில் பறக்கத் தொடங்கியது விஸ்தாரா. இரண்டில் ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றபோது, நல்ல பெயருள்ள புதியதை விட்டுவிட்டு, அடிபட்ட பழையதை வைத்துக்கொண்டார்கள். கணக்குப் பார்த்தால் சரி: உலக விமான நிலையங்களில் ஏர் இந்தியா என்றால் விளக்கம் தேவையில்லை. ஆனால் விஸ்தாராவில் பறந்து பழகியவர்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. அவர்களிடம் அப்போது வாக்குச்சீட்டு கொடுத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

2024 நவம்பர் 12 அன்று இணைப்பு முடிந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 25.1 சதவீதப் பங்கோடு ஏர் இந்தியாவுக்குள் வந்தது. விஸ்தாராவின் விமானங்களும் சிப்பந்திகளும் அப்படியே வேலையைத் தொடர, விமான எண்கள் மட்டும் ஏஐ என்று தொடங்கி, அடுத்து 2, அதற்கப்புறம் மூன்று இலக்கம் என்று மாறின. பயணிகள் இதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். டிக்கெட் எடுக்கும்போது விலைக்கு முன்னால் விமான எண்ணைப் பார்த்து, 2-இல் தொடங்கினால்தான் பணம் கட்டினார்கள்.