உடல் உணரும் வெப்பத்தை அளக்கும் கருவிகள்

குளிரும் இல்லாமல் வெக்கையும் இல்லாமல், இருக்கும் இடத்தின் தட்பவெப்பத்தோடு உடல் ஒத்துப்போகும் நிலைக்கு வெப்ப இதம் என்று பெயர். அந்த இதத்தையும், அது குலைந்து உடலுக்குத் தீங்காகும் எல்லையையும் அளக்க இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கருவிகள் செய்யப்பட்டு வருகின்றன. சாதாரண வெப்பமானி இதற்குப் போதாது. ஏன் போதாது என்பதைத் தமிழ்ச் சொற்களே காட்டிக்கொடுக்கின்றன. மழைக்கு முன் காற்றசையாமல், வியர்வை உலராமல் தவிப்பது புழுக்கம். பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடித் தளம் இரவில் வீட்டுக்குள் இறக்குவது வெக்கை. சித்திரை மதியத்தில் முகத்தில் அறைவது அனல்காற்று. இந்த மூன்று வேளைகளிலும் வெப்பமானி 36 டிகிரி என்றே காட்டக்கூடும். உடல் படும் பாடு மூன்றிலும் வேறு. காற்றின் சூடு, ஈரப்பதம், காற்றோட்டம், சுற்றியுள்ள பொருள்களின் கதிர்வீச்சு ஆகிய நான்கும் சேர்ந்தே உடலின் வெப்பக் கணக்கைத் தீர்மானிக்கின்றன. வெப்பமானி முதலாவதை மட்டுமே அறியும்.

இதை முதலில் கண்கூடாகக் காட்டிய சோதனை 1774இல் லண்டனில் நடந்தது. ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் சூடேற்றிய அறைகளில் சார்லஸ் பிளாக்டனும் நண்பர்களும் நுழைந்து நின்றார்கள். ஒரு கட்டத்தில் அறையின் சூடு 260 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 127 டிகிரி செல்சியஸ். தகரத் தட்டில் வைத்த முட்டைகள் இருபது நிமிடத்தில் வெந்து இறுகின; மனிதர்கள் சில நிமிடங்கள் நின்றுவிட்டு நலமாக வெளியே வந்தார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் அறையில் வைத்த தண்ணீர்ப் பாத்திரம். திறந்திருந்த தண்ணீர் கொதிக்கவே இல்லை. அதன்மேல் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஆவியாவதைத் தடுத்ததும் கொதித்தது. உடலைக் காப்பாற்றியது வியர்வை ஆவியாகும்போது எடுத்துச்செல்லும் வெப்பமே என்பதற்கு அந்தப் பாத்திரமே சாட்சி.

ஆவியாதலை அளக்கும் வழியும் எளிதாகவே அமைந்தது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றினால் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் குளிரும். காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு குளிரும். ஈரக்குமிழுக்கும் பக்கத்தில் உள்ள உலர்குமிழுக்கும் இடையிலான வித்தியாசத்திலிருந்து ஈரப்பதத்தைக் கணக்கிடலாம். இதற்கு முன் ஈரப்பதத்தை அளக்க ஸ்விட்சர்லாந்தின் சோசூர் 1783இல் விளக்கிய கருவி, ஈரத்தில் நீண்டு வறட்சியில் சுருங்கும் மனிதத் தலைமுடியால் ஆனது. ஈர, உலர் குமிழ் இணையை 1820களில் முறைப்படுத்தியவர் ஜெர்மானியரான எர்ன்ஸ்ட் ஆகஸ்ட். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ரிச்சர்ட் அஸ்மான், கடிகாரச் சுருள்வில்லால் ஓடும் சிறு விசிறியைப் பொருத்தி, குமிழ்கள்மீது ஒரே சீராகக் காற்று ஓடச் செய்தார்.

இந்த இணைக்குமிழ் ஆய்வுக்கூடத்தை விட்டுத் தொழிலாளியின் பக்கம் வந்தது இங்கிலாந்தின் லங்காஷயர் நெசவுக் கூடங்களில். நூல் அறுந்துபோகாமல் இருக்க முதலாளிகள் கூடத்துக்குள் நீராவியைச் செலுத்தினார்கள். நெசவாளிகள் நாள் முழுதும் அந்தப் புழுக்கத்தில் நின்றார்கள். 1889ஆம் ஆண்டின் பருத்தித் துணி ஆலைச் சட்டம், எந்தச் சூட்டில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று வரம்பு விதித்து, ஆலைக்குள் ஈரப்பதமானி வைப்பதைக் கட்டாயமாக்கியது. சூட்டுமானி ஒன்று சட்டத்தின் கருவியான முன்னோடி நிகழ்ச்சி இது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 15ஆம் பிரிவு செயற்கை ஈரப்பதத்தை ஒழுங்குபடுத்தியது இந்த மரபில்தான். நூற்பாலைகளின் சுவரில் தொங்கும் இரட்டைக் குமிழுக்கு இப்படி ஒரு வம்சாவளி உண்டு.

ஈரக்குமிழின் முழுப் பொருளை உணர்த்தியவர் பிரிட்டிஷ் உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன். கார்ன்வால் பகுதியின் ஆழமான சுரங்கங்களிலும் வெப்பமூட்டிய அறைகளிலும் உடல் வெப்பத்தை அளந்து 1905இல் அவர் வெளியிட்ட முடிவு இது: அசையாத காற்றில் ஈரக்குமிழ் சுமார் 31 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், மேல்சட்டை இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கும் உடல் வெப்பம் ஏறத் தொடங்கும். காற்றின் சூட்டையோ ஈரப்பத விழுக்காட்டையோ தனித்தனியே பார்த்துப் பயனில்லை, ஈரக்குமிழைப் பாருங்கள் என்றார். பின்னாளில் பலர் 35 டிகிரி ஈரக்குமிழையே மனிதன் தாங்கும் எல்லையாகக் கணக்கிட்டார்கள். 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளம் வயதினரைச் சோதனை அறையில் வைத்து அளந்தபோது, ஈரமான சூழலில் எல்லை 31 டிகிரியை ஒட்டியே இருந்தது. நூறாண்டுக்கு முன் துணி சுற்றிய குமிழோடு சுரங்கத்தில் இறங்கிய மனிதரின் கை எவ்வளவு நிதானமானது!

அடுத்த குறை காற்றோட்டம். லண்டனின் உடலியலாளர் லியோனார்ட் ஹில் முதல் உலகப்போர் ஆண்டுகளில் உருவாக்கிய கேட்டா வெப்பமானி இதற்கு விடை தேடியது. கிரேக்கத்தில் ‘கேட்டா’ என்றால் கீழே. பாதரசத்துக்குப் பதிலாகச் சாராயம் நிரப்பிய பெரிய குமிழ், சூட்டிலிருந்து கீழிறங்கும் வேகத்தை இது அளக்கிறது. குமிழை வெந்நீரில் அமிழ்த்திச் சூடாக்கி, துடைத்து, தொங்கவிட வேண்டும். 100 டிகிரி ஃபாரன்ஹீட்டிலிருந்து 95க்கு இறங்க எத்தனை விநாடி ஆகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தால் எண்ண வேண்டும். ஒவ்வொரு கருவியின் தண்டிலும் அதற்கென்று ஓர் எண் பொறித்திருக்கும். அதை விநாடிகளால் வகுத்தால் அந்த இடத்தின் குளிர்விக்கும் திறன் கிடைக்கும். குமிழுக்கு ஈர உறை மாட்டினால் வியர்த்த உடலுக்கான கணக்கு. ‘இங்கே எவ்வளவு சூடு’ என்று கேட்டுவந்த கருவி, ‘உடல் அளவுக்குச் சூடான ஒரு பொருளிலிருந்து இந்த இடம் எவ்வளவு வேகமாக வெப்பத்தைப் பறிக்கிறது’ என்று கேட்கத் தொடங்கியது இங்கேதான். வெப்ப இதத்தின் வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பேன். (1826இலேயே வில்லியம் ஹெபர்டன் சூடாக்கிய வெப்பமானி ஆறும் வேகத்தைக் கவனித்து எழுதியிருந்தார்.)

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்கள் கேட்டாவை ஆர்வத்தோடு ஏற்றுக்கொண்டன. ஆனால் விரல் பருமனுள்ள குமிழும் ஆறடி மனிதனும் காற்றுக்கு ஒரே மாதிரி குளிர்வதில்லை. சிறு குமிழ் மெல்லிய காற்றுக்கும் சட்டென்று ஆறிவிடும். அந்தக் குறையே பின்னாளில் அதன் வேலையானது: அறைக்குள் ஊரும் மிக மெதுவான காற்றின் வேகத்தை அறியக் கேட்டா பயன்பட்டது. உலர் கேட்டா 6க்கு மேல், ஈரக் கேட்டா 20க்கு மேல் இருந்தால் இதமான இடம் என்ற பழைய வரம்பைச் சமூக மருத்துவம் படிக்கும் மாணவர்கள் இன்றும் பாடநூலில் படிக்கிறார்கள். அது குளிர்நாட்டு வரம்பு. நம் ஊர் மே மாதத்துக்குப் பொருந்தாது.

எஞ்சியது கதிர்வீச்சு. உலைக்கு முன் நிற்பவருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பவருக்கும் காற்று தொடாமலேயே சூடு வந்து சேர்கிறது. பிரிட்டனில் தொழிலாளர் நலத்தை ஆராய்ந்த எச்.எம். வெர்னன் 1930இல் இதற்குக் கோள வெப்பமானியை முன்வைத்தார். ஆறு அங்குலம், அதாவது 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற செம்புப் பந்து. வெளியே பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம். நடுவில் ஒரு வெப்பமானி. தண்ணீர்த் தொட்டியின் மிதவைப் பந்துக்குக் கறுப்படித்தே இதைச் செய்துகொள்ளலாம். கறுப்புப் பந்து சுற்றியுள்ள சுவர், கூரை, வெயில் எல்லாவற்றின் கதிரையும் வாங்கிச் சூடேறுகிறது, காற்றோ அதை ஆற்றுகிறது. இரண்டும் சமனாக இருபது நிமிடம்வரை ஆகும். பிறகு அது காட்டும் சூட்டோடு காற்றின் சூட்டையும் வேகத்தையும் சேர்த்தால் கதிர்வீச்சின் அளவைக் கணக்கிட்டுவிடலாம். இவ்வளவு மலிவான பொருளிலிருந்து இவ்வளவு செய்தி தரும் கருவி அறிவியலில் அரிது.

தனித்தனி அளவுகளை ஒரே எண்ணாக்கும் முயற்சி அமெரிக்காவில் நடந்தது. பிட்ஸ்பர்கில் எஃப்.சி. ஹவுட்டனும் கான்ஸ்டன்டைன் யாக்லோவும் இரண்டு அறைகளை வெவ்வேறு சூட்டிலும் ஈரத்திலும் வைத்து, ஆட்களை இரண்டுக்கும் மாறிமாறி நடக்கவிட்டு, எப்போது இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன என்று கேட்டு 1923இல் ‘பயனுறு வெப்பநிலை’ என்ற அளவுகோலை வகுத்தார்கள். இங்கே மனிதனே கருவி.

அதே யாக்லோவுக்கு முப்பது ஆண்டு கழித்து அவசரமான வேலை வந்தது. தென் கரோலைனாவின் பாரிஸ் தீவில் கடற்படைக் காலாட்படையின் புதுப்பயிற்சியாளர்கள் கோடையில் வெப்பத்தாக்கத்தால் சரிந்துகொண்டிருந்தார்கள். பயிற்சித் திடலில் நிற்கும் அதிகாரிக்கு வரைபடம் பார்க்கவும் காற்றின் வேகத்தை அளக்கவும் நேரமில்லை. யாக்லோவும் கடற்படை மருத்துவர் டேவிட் மினார்டும் 1957இல் வெளியிட்ட விடையில் மூன்று வெப்பமானிகள் போதும்: வெயிலிலும் இயல்பான காற்றிலும் திறந்துவைத்த ஈரக்குமிழ், வெர்னனின் கறுப்புக் கோளம், நிழலில் உலர்குமிழ். முதலாவதில் பத்தில் ஏழு பங்கு, கோளத்தில் இரண்டு, காற்றில் ஒன்று. இதுவே டபிள்யூ.பி.ஜி.டி. எனப்படும் ஈரக்குமிழ்-கோள வெப்பநிலை. கூரைக்குள் என்றால் ஈரக்குமிழுக்கு ஏழு, கோளத்துக்கு மூன்று. அந்தப் பங்குகளிலேயே பாடம் இருக்கிறது: தொலைக்காட்சிச் செய்தியில் சொல்லும் ‘இன்றைய வெயில்’ வெள்ளைப் பலகணிப் பெட்டிக்குள் நிழலில் அளந்த காற்றின் சூடு, அதற்கு இந்தக் கணக்கில் கிடைத்தது பத்தில் ஒரு பங்கு மட்டுமே. அளவு ஏற ஏறத் திடலில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கொடிகள் ஏறும். 90 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 32 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே, கறுப்புக் கொடி. கறுப்புக் கொடி ஏறினால் பயிற்சி நிற்கும். 1982இல் இது ஐ.எஸ்.ஓ. 7243 என்ற உலகத் தரமானது.

அலுவலக அறைகளின் கதை வேறு திசையில் போனது. டென்மார்க்கின் ஓலே ஃபேங்கர் 1970இல் நான்கு சூழல் அளவுகளோடு உடையின் கனத்தையும் வேலையின் கடுமையையும் சேர்த்து, கூட்டத்தில் எத்தனை பேர் அதிருப்தி அடைவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் சமன்பாட்டைத் தந்தார். உடையின் கனத்துக்கு 1941இலேயே ‘குளோ’ என்ற அலகு வந்திருந்தது. ஒரு குளோ என்பது ஏறத்தாழ கோட்டுசூட்டின் கனம். உடையை அளக்கச் சூடேற்றிய செம்பு மனிதப் பொம்மைகள் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்டன. புடவையை அதே முறையில் பொம்மைக்கு உடுத்தி அளந்த மாதவி இந்திரகண்டியின் ஆய்வில், ஒரே புடவை கட்டும் விதத்தைப் பொறுத்து வெவ்வேறு கனம் தந்தது. தலைப்பைப் போர்த்துவதும் இடுப்பில் செருகுவதும் நம் பெண்கள் அன்றாடம் செய்யும் வெப்பச் சரிக்கட்டல்தான் என்பது அதனால் எண்ணாகப் பதிவாயிற்று.

ஃபேங்கரின் சமன்பாடு குளிரூட்டிய அறைகளுக்குப் பொருந்திய அளவுக்கு, சன்னல் திறந்த கட்டடங்களுக்குப் பொருந்தவில்லை. அங்கே இருப்பவர்கள் பருவத்தோடு பழகுகிறார்கள், விசிறி போடுகிறார்கள், உடை மாற்றுகிறார்கள். பிரிட்டனில் மைக்கேல் ஹம்ஃப்ரீஸும் ஃபெர்கஸ் நிக்கலும் 1970களில் இந்தத் தகவமைப்பு நோக்கை வளர்த்தார்கள். அவர்கள் வழியில் இந்தியாவுக்கென்று ஒரு மாதிரி, சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் அளந்தும் ஆட்களைக் கேட்டும் உருவாக்கப்பட்டது. வெர்னனின் பந்து இருக்க வேண்டியதைவிடப் பெரிது என்றும் ஹம்ஃப்ரீஸ் காட்டினார்: உடல் காற்றுக்கும் கதிருக்கும் எந்த விகிதத்தில் வெப்பம் விடுகிறதோ, அதே விகிதம் 40 மில்லிமீட்டர் பந்தில் கிடைக்கும். டேபிள் டென்னிஸ் பந்துக்குள் வெப்பமானி செருகிய ஆய்வுக்கருவிகள் இதிலிருந்தே பிறந்தன. திறந்தவெளியில் கறுப்பு வண்ணம் வெயிலை மிகையாகக் குடிப்பதால், தோலும் துணியும் உறிஞ்சும் அளவுக்கு நெருங்கிய சாம்பல்நிறப் பந்தைப் பின்வந்தவர்கள் பயன்படுத்தினார்கள்.

தெருவின் வெப்பத்தைத் துல்லியமாக அளக்க, மேல், கீழ், நான்கு பக்கம் என ஆறு திசைகளிலும் சூரியக் கதிரையும் தரை, சுவர்களின் வெப்பக் கதிரையும் தனித்தனியாக உணரும் உணரிகள் வேண்டும். ஜெர்மனியில் பீட்டர் ஹொப்பே 1990களில் வகுத்த இம்முறையை, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரியான் மிடல் குழுவினர் ‘மார்ட்டி’ என்ற தள்ளுவண்டியில் ஏற்றி நடைபாதைகளில் உருட்டிச் செல்கிறார்கள். மரநிழலுக்கும் மொட்டைவெயிலுக்கும் இடையில் காற்றின் சூடு பெரிதாக மாறாவிட்டாலும், உடலில் விழும் கதிர்ச் சூடு பல பத்து டிகிரி குறைவதை அவ்வண்டி காட்டியது. வெயிலில் நடந்து புளியமரத்தடிக்கு வந்தவர்கள் அறிந்ததுதான். நிழலுக்குப் பணம் ஒதுக்கும் நகராட்சிக்கு அந்த எண் தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டில் இக்கருவிகள் அதிகம் பேசியிருப்பது உப்பளங்களில். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் ஏழு உப்பளங்களில் டபிள்யூ.பி.ஜி.டி. அளந்து 352 தொழிலாளரை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வரம்புக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்வது தெரிந்தது. சிறுநீரகப் பாதிப்பும் பதிவானது. 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, கடும் வெப்பத்தில் உழைத்த பெண்களுக்குக் கருச்சிதைவு அபாயம் இரு மடங்காக இருந்ததைக் காட்டியது. உச்சிவெயிலில், வெண்மையாகக் கண்ணைக் கூச வைக்கும் பாத்திகளின் நடுவே முக்காலிமேல் நின்ற கறுப்புக் கோளம் இல்லாமல் இந்தப் பெண்களின் இழப்புக்குக் காரணம் சொல்ல முடிந்திருக்காது.

கத்தார் 2021இல் டபிள்யூ.பி.ஜி.டி. 32.1 டிகிரியைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த உத்தரவிட்டது. சிங்கப்பூர் 2023 அக்டோபரிலிருந்து, அளவு 32ஐத் தொட்டால் கடின உழைப்பாளிகளுக்கு மணிக்குப் பத்து நிமிடமும், 33ஐத் தொட்டால் பதினைந்து நிமிடமும் ஓய்வு தரச் சொல்கிறது. ஜப்பானில் 2025 ஜூன் முதல் இந்த அளவு 28ஐ எட்டும் பணியிடங்களில் முதலாளி முன்னேற்பாடு செய்வது சட்டக் கடமை. இந்தியாவில் பல மாநிலத் தொழிற்சாலை விதிகள் கூடத்துக்குள் ஈரக்குமிழ் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்கின்றன; ஆனால் அவை கூரைக்குள் உழைப்பவருக்கு மட்டும். தஞ்சாவூரிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் சிங்கப்பூருக்கும் தோஹாவுக்கும் போய்க் கட்டட வேலை செய்பவரின் ஓய்வை அங்கே கறுப்புக் கோளம் தீர்மானிக்கிறது. ஊரில் அதே வேலையைச் சாரத்தில் ஏறிச் செய்யும் அவருடைய தம்பிக்கு அப்படி ஒரு கோளம் இன்னும் வைக்கப்படவில்லை.